இன்சொல்லும் இச்சகமும்

ஒருவரைப் புகழ்ந்து தம் வழிக்குக் கொண்டுவருதலைக் குறிக்கத் தமிழிலே பல சொற்கள் உள. நூல்வழக்கில் இச்சகம், முகஸ்துதி என்பர். ஈழத்துப் பேச்சுவழக்கில் வால்பிடித்தல், பந்தம் பிடித்தல் என்பர். இவற்றுள் ஒன்றேனும் பாராட்டாக வழங்கப்படுவதில்லை. ஆயினும், இச்செயலை இகழ்ந்துரைப்போரும் அது தம்மை நோக்கி வரும்போது மகிழ்வர். இம்முரண்பாடு சிந்தித்தற்குரியது.

இனிமையாகப் பேசுதல் குற்றமன்று. திருக்குறளில் ‘இனியவை கூறல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அவ்வாறாயின் இன்சொல்லையும் இச்சகத்தையும் பிரிக்கும் எல்லை யாது? பொய் கலந்த புகழ்ச்சியே இச்சகம் எனச் சிலர் கூறுவர். இவ்விடை போதாது. நன்றாகப் பாடுபவரை நன்றாகப் பாடுகிறீர் என்பது மெய்யே. ஆனால் கடன் கேட்கச் சென்றவர், அவர் மனத்தை இளக்குதற்கென்றே அம்மெய்யை எடுத்தாள்வாராயின் அதுவும் இச்சகமே.

பிளேற்றோவின் ‘கோர்ஜியஸ்’ உரையாடலிலே சோக்கிரதீஸ் சொல்வன்மையைச் சமையலுக்கு ஒப்பிடுவார். மருத்துவர் உடலுக்கு நன்மையானதை நாடுவர். சமைப்பவர் நாவுக்கு இனியதை நாடுவர். நன்மையைக் கருதாது இன்பத்தையே குறியாகக் கொள்வதால் சொல்வன்மையும் சமையலும் முகஸ்துதியின்பாற்படும் என்பது அவர் கருத்து.

ஆயின், புகழ்ச்சியின் வடிவிலேயே நன்மையை நாடுதலும் கூடும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாடல் அப்போது பிறந்தது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் உள்ளன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார் ஔவையார். செவிக்கு அது புகழ், சிந்தைக்கோ எச்சரிக்கை. போரிற் பழகாத படை எதனோடு மோதவிருக்கின்றது என்பதைக் கேட்டவனே எண்ணி உணருமாறு அப்புகழ்ச்சி அமைந்தது.

எல்லை இங்கே தெளிவாகின்றது. ஔவையாரின் புகழ்ச்சி கேட்போரின் அறிவை எழுப்புகின்றது. இச்சகம் அதனை உறங்கச் செய்கின்றது. அச்சுறுத்தப்படுபவர் தாம் கட்டாயப்படுத்தப்படுவதை அறிவர். இச்சகத்துக்கு ஆட்பட்டவரோ தம் விருப்பின்படியே முடிவுசெய்ததாக நம்புவர். ஒருவரது தீர்ப்பை அவரறியாமலே களவாடுதல்தான் இச்சகத்தின் தீமை.

இக்களவிற் கேட்போருக்கும் பங்குண்டு. பதவியிலுள்ளோர் புகழுரைக்கு வேலையையும் சலுகையையும் விலையாகக் கொடுக்கும்வரை, அதனை விற்போர் குறையார். இக்கொடுக்கல் வாங்கலில் உடனடியாக இழப்பவர் அவ்விருவருமல்லர். தகுதியிருந்தும் புகழத் தெரியாமல் வரிசையில் நிற்கும் மூன்றாமவரே. ஆகையால் இச்சகத்தை ஒழிக்கும் கடமை, அதனைப் பேசுவோரிலும் பார்க்க, விலை கொடுக்க வல்லோர்க்கே முதலில் உரியது.