திறந்து பார்க்க முடியாதவருக்கு

2020 ஜனவரி 4. சீனாவின் நான்ஷா துறைமுகத்திலிருந்து மும்பையை அடுத்த நவசேவாவுக்கு வந்துகொண்டிருந்த 'காஸ்கோ பசிபிக்' என்ற சரக்குக் கப்பலின் உள்ளறையில் தீப்பிடித்தது. கப்பலைக் கொழும்புக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. எரிந்த கன்டெய்னரில் இருந்தவை லித்தியம் பேட்டரிகள். புக்கிங்கில் எழுதியிருந்ததோ 'உதிரி பாகங்கள், துணைப்பொருட்கள்' என்று.

அந்தச் சொற்களை ஒருவர் தம் மேசையில் அமர்ந்து எழுதினார். நடுக்கடலில் புகையைப் பார்த்த மாலுமி அவருக்கு யாரோ. ஆனால் அந்த மாலுமி கையில் இருந்ததெல்லாம் இவர் எழுதிய வரிதான். சீல் வைத்த இரும்புப் பெட்டியை அவரால் திறந்து பார்க்க முடியாது. காகிதம் சொல்வதை நம்பித்தான் அவர் அதன் பக்கத்தில் தூங்குகிறார், நெருப்பு வந்தால் அதை நம்பித்தான் அருகே போகிறார். சரக்குச் சீட்டில் எழுதும் பொய்யை மற்றப் பொய்களோடு சேர்த்து எண்ண என்னால் முடியவில்லை. கேள்வி கேட்கவோ சந்தேகப்படவோ வாய்ப்பே இல்லாத ஒருவரிடம் சொல்லப்படுகிற பொய் அது.

உண்மையை எழுதினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி தனியாகப் போனால் ஐ.நா. எண் 3480. கருவியோடு சேர்ந்து போனால் 3481. லித்தியம் உலோக பேட்டரிக்கு 3090, 3091. நான்கும் அபாயச் சரக்கில் 9-ஆம் வகுப்பு. 3480 என்று எழுதிய உடனே பல கைகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. 2016 ஏப்ரல் 1 முதல் அந்தச் சரக்கைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் போவதானாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடியாக வேண்டும். கப்பலில் எந்த இடத்தில் வைப்பது என்று ஒருவர் யோசிக்கிறார். 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று எழுதினால் இவற்றில் எதுவுமே நடப்பதில்லை.

இந்த நெருப்பின் குணமும் வேறு. ஒரு செல் பழுதாகிச் சூடேறினால் தன் சூட்டிலேயே மேலும் மேலும் கொதிக்கிறது, பக்கத்து செல்லையும் இழுத்துக்கொள்கிறது. வெளியேறும் வாயு தீப்பற்றும், நச்சும்கூட. அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும். காற்றை அடைத்தால் போதாது, ஏராளமான தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். எதிரே இருப்பது பேட்டரி என்று தெரிந்தால்தானே தீயணைப்பு வீரர் அதற்கேற்ப நிற்பார்? 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், துறைமுகத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு கன்டெய்னர் பற்றி எரிந்தது. கழித்துப்போட்ட லித்தியம் பேட்டரிகள். கன்டெய்னரின் இரும்பையே துளைத்துவிட்டது சூடு. சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் இருந்தது 'கம்ப்யூட்டர் பாகங்கள்'. அது கப்பலில் ஏறிய பிறகு எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

துபாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று அங்கிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பிய யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் தீ. விமானி அறையில் புகை மண்டி, எதிரே உள்ள கருவிகளே தெரியவில்லை. கேப்டனுக்கு ஆக்சிஜன் நின்றுபோக அவர் இருக்கையை விட்டு எழுந்தார், திரும்பி வரவில்லை. துணை விமானி தனியாக, கண் தெரியாமல், மற்ற விமானங்கள் வானொலியில் எடுத்துச் சொன்ன தகவல்களைக் கேட்டே ஓட்டினார். இருவரும் இறந்தார்கள். அபாயச் சரக்கு என்று எதுவும் அறிவிக்கப்படாத அந்த விமானத்தில், அப்படி அறிவித்திருக்க வேண்டிய பேட்டரிப் பொதிகள் குறைந்தது மூன்று இருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது.

சரியாக எழுதிவிட்டால் தீ வராது என்று நான் சொல்லவில்லை. 2011 ஜூலையில் தென்கொரியாவின் ஜேஜு தீவை ஒட்டிய கடலில் விழுந்த ஏசியானா சரக்கு விமானத்தில் பேட்டரிகளும் எரியும் திரவங்களும் முறைப்படி அறிவிக்கப்பட்டே இருந்தன. அதிலும் இருவர் இறந்தார்கள். ஆனால் அந்த விமானிகளுக்குத் தாங்கள் எதைச் சுமந்து பறக்கிறோம் என்று தெரியும். ஆபத்தை ஏற்கச் சொல்லி ஒருவரைக் கேட்பது வேறு, கேட்காமலே அவர் தலையில் கட்டுவது வேறு.

பொய் எழுதுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். அபாயச் சரக்கு என்றால் கட்டணம் கூடும், தனிப் பேக்கிங் வேண்டும், பயிற்சி பெற்றவர் கையெழுத்து வேண்டும், சில விமான நிறுவனங்கள் வேண்டாம் என்றே சொல்லிவிடும். 'எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது' என்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் பொய் பழக்கமாகிவிடுகிறது.

இது கப்பல், விமானத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழில் வேரூன்றிவிட்டது. ஊருக்கு ஊர் சர்வீஸ் கடைகள். பார்சல் ஆபீசில் "உள்ளே என்ன?" என்று கேட்டால் "ஸ்பேர்ஸ்தாண்ணே" என்று சொல்லி, பழுதான பேட்டரியை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவது ஒரு நொடி வேலை. அது போகும் லாரியின் கேபினில் கிளீனர் தூங்குவார். அபாயச் சரக்கானால் அனுப்புகிறவர் முழு விவரம் தர வேண்டும், அதை ஓட்டுநர் எழுத்தில் தம் கேபினில் வைத்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த விவரம் பெட்டியை அடைத்தவரிடமிருந்துதான் வர முடியும்.

முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் இளைஞர். என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். "சார், இதுல பேட்டரி இருக்கே, அப்படியே போட்டுடவா?" என்று அவர் தயங்கி நின்றால் அவர் வாயை அடைக்காதீர்கள். சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போகட்டும். உள்ளே இருப்பதை எழுதச் சொல்லுங்கள்.