பெட்டி வளரட்டுமா, எழுத்து சுருங்கட்டுமா?

பவர்பாயிண்டில் ஒரு பெட்டி வரைந்து அதற்குள் எழுதிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எழுத்து பெட்டியைத் தாண்டிவிடும். அப்போது மூன்று வழிகள் உண்டு. வழிந்தால் வழியட்டும் என்று விடலாம், எழுத்தைச் சுருக்கலாம், பெட்டியை வளர்க்கலாம். மெனுவில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிற சின்ன விஷயம்தான். ஆனால் யாருக்காக யார் வளைந்துகொடுப்பது என்கிற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது.

பெட்டிதான் வளரணும் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சொல்ல வந்த விஷயத்துக்காகத்தானே பெட்டி? என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனா அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. ஒரு மென்பொருளின் கட்டமைப்பை வரைகிறோம் என்று வையுங்கள். ஒரு பெட்டியில் 'டேட்டாபேஸ்' என்று ஒற்றைச் சொல். அது விழுந்தால் எல்லாம் விழும். பக்கத்துப் பெட்டியில் 'வாராந்திர அறிக்கைகளைத் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பும் சர்வீஸ்'. ஒரு வாரம் அது ஓடவில்லை என்றால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பெட்டிகள் எழுத்துக்கேற்பத் தாமாக வளர்ந்தால், இந்த இரண்டாவது ஆள்தான் படத்தில் பெரிய மனுஷன். நீளமான பெயர் வைத்துக்கொண்டதைத் தவிர அவர் எதுவும் சாதிக்கவில்லை. (ஆபீஸில் சில பதவிப் பெயர்களும் இப்படித்தான்.)

சரி, எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் இருக்கட்டும், எழுத்து சுருங்கிக்கொள்ளட்டும் என்றால்? படம் பார்க்க லட்சணமாக இருக்கும். அதுதான் பயமே. எங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறதோ, அங்கேதான் எழுத்து பொடியாகும். நிபந்தனைகள், சந்தேகங்கள், 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாம் இடத்தைப் பிடிப்பவை. அவைதான் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்படும்போது ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து அதன் இறக்கையில் மோதியது. கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு பெரிய எழுத்தில், ஆறுதலான தொனியில் இருந்தது. அடியில், துணைக்குறிப்புக்கும் துணைக்குறிப்பாக, சின்ன எழுத்தில் ஒரு வரி: துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டதோ 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. பிப்ரவரி 1 அன்று, திரும்பி வரும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் அதை எடுத்துப் பேசியது. விபத்துக்கு ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எழுத்தைச் சிறிதாக்கியதும் தானியங்கிச் சுருக்கம் அல்ல, குறிப்புகளை மேல் கீழாக அடுக்கிய விதம். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சின்னதா இருந்தா சின்ன விஷயம்.

எழுத்தில் சொன்னால் தானே படம் வரைந்துகொள்ளும் கிராஃப்விஸ் என்ற மென்பொருளில், பெட்டி இயல்பாகவே எழுத்துக்கேற்ப வளரும். அளவைப் பூட்டிவிட்டால் அது எழுத்தைச் சுருக்காது, வெட்டாது. வெளியே வழியவிட்டு, பெட்டி பத்தவில்லை என்று ஒரு எச்சரிக்கையும் போடும். படம் அசிங்கமாக வரும். எனக்கு அந்த அசிங்கம் பிடிக்கும். முடிவை அது நம் கையில் கொடுக்கிறது. வாராந்திர அறிக்கைக்காரரை 'அறிக்கை' என்று குறுக்கிவிடலாம். 1920-க்கும் 3-க்கும் தனிப் பெட்டியே போடலாம்.