பூஞ்சைக்குப் பாவம் உண்டா?

நலமாக நடமாடும் பலரின் வாயிலும் குடலிலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை குடியிருக்கிறது. இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவரின் இரத்தத்தில் அதே பூஞ்சை புகுந்தால் உயிருக்கே உலை. அப்படியானால் அந்தக் கொல்லும் குணம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

பௌத்தர்களுக்குப் பழக்கமான கேள்விதான் இது. எப்பொருளும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது, தனித்து நிற்கும் இயல்பு எதற்கும் இல்லை என்று நாகார்ச்சுனர் வாதிட்டார். சார்பின் பன்னிரண்டு கண்ணிகளை மணிமேகலை தமிழிலேயே விளக்கியிருக்கிறது.

இந்தச் சார்பை ஆய்வகத்திலும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேண்டிடாவுக்குப் போடும் தீனியை மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான குளுக்கோஸுக்குப் பதில் லாக்டேட். நம் உடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் வெளியிடும் பொருள் அது. தீனி மாறியதும் பூஞ்சையின் செல் சுவரே மாறிப்போனது. அந்தச் சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் வெள்ளையணுக்கள் டெக்டின்-1 என்ற ஏற்பியைக் கொண்டு அதைத் தொட்டறிந்து, வந்திருப்பது யார் என்று கண்டுகொள்கின்றன. லாக்டேட்டைச் சந்தித்த பூஞ்சை அந்தச் சங்கிலியை மூடி மறைத்துக்கொள்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக்ஸிஜன் குறைந்த இடத்திலும் இதே மறைப்பு நடக்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது. சாப்பாடு மாறியதில் எதிர்ப்பாற்றல் ஏமாந்துபோகிறது. அதுவும் நமக்கு நன்மை செய்யும் பாக்டீரியா தந்த பொருளால்! நல்லது, கெட்டது என்று பிரித்துக் கட்டம் போடுகிறவர்களுக்கு இது சங்கடமான செய்தி.

1999இல் ஆர்ட்டுரோ காசடெவால், லீசேன் பிரோஃப்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் இந்தச் சங்கடத்தையே கோட்பாடாக்கினார்கள். நோய் தரும் ஆற்றல் கிருமியின் தனிச்சொத்து அல்ல, கிருமியும் உடலும் சந்திக்கும்போது விளைவது என்றார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு. எய்ட்ஸ் நோயாளிகள் சிலருக்கு, மருந்தால் எதிர்ப்பாற்றல் மீளும் நேரத்தில்தான் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல் முற்றுகிறது.

எல்லாம் சார்பு என்றால் பழி யார் மேல்? சைவ சித்தாந்திகள் காரணத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நோய் வந்துவிட்டால் நாம் உடனே குயவனைத் தேடுகிறோம். 2021இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோதும் தேடினோம். ரைசோபஸ் போன்ற அந்தப் பூஞ்சைகளின் வித்துகள் எப்போதும் காற்றில் இருப்பவைதான். கட்டுக்கடங்காத சர்க்கரையும் கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து அவற்றுக்கு இடம் கொடுத்தன. இங்கே துணைக்காரணங்கள் நிறைய, குயவன் இல்லை. அந்தக் காலி இடத்தில் நோயாளியின் முன்வினையைக் கொண்டுவந்து உட்கார வைப்பது கொடுமை. சர்க்கரை ஏறியது ஒரு காரணம், அது குற்றமாகிவிடாது.

நாளந்தாவில் நடந்ததாகப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயம் சொல்லும் உபாலியின் விவாதம் இங்கே உதவும். உடலால் செய்யும் செயலே கனத்த வினை என்பது நிகண்டர்களின், அதாவது சமணர்களின் தரப்பு. மனத்தால் செய்வதே கனத்தது என்கிறார் புத்தர். மனமில்லாத பூஞ்சை இந்த வழக்கில் எளிதாக விடுதலையாகிவிடும்.

டெஃபெராக்ஸமின் என்ற மருந்தின் வழக்கு அவ்வளவு எளிதல்ல. உடலில் மிகுந்துவிட்ட இரும்பையும் அலுமினியத்தையும் வெளியேற்ற, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துவந்தார்கள். ரைசோபஸுக்கு வளர இரும்பு வேண்டும். உடலோ இரும்பைப் புரதங்களில் கட்டிப் பூட்டிவைத்திருக்கும். மருந்து பற்றிய இரும்பை ரைசோபஸ் தன் உணவாக எடுத்துக்கொண்டது, நோயாளிகள் இறந்தார்கள். கொடுத்த மருத்துவரின் எண்ணத்தில் மாசில்லை, புத்தரின் கணக்கில் அவர் தப்பிவிடுவார். உடலின் செயலே கனத்தது என்ற தரப்பில் நின்றால் தப்புவது கடினம். மருத்துவம் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. டெஃபெராக்ஸமின் சிகிச்சையைக் கறுப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்றாகப் பாடநூலில் சேர்த்துவிட்டது.