நவராத்திரி வாசலும் அழையா விருந்தும்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது இரவுகள் நடக்கும் நவராத்திரி, வடமொழி மரபில் சரத் ருதுவின் வழிபாடு. தமிழ்க் கணக்கில் அது கார் முடிந்து கூதிர் தொடங்கும் வேளை. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள பேராவூரணிப் பகுதியில் அப்போது சம்பாப் பயிரின் வேலை நடக்கும், வடகிழக்குப் பருவமழையை எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். வீடுகள் பிறருக்காகத் திறந்திருக்கும் காலமும் இதுவே. கொலு வைத்த வீட்டார் அக்கம்பக்கத்துப் பெண்களை, "சாயங்காலம் வந்து வெத்தல பாக்கு வாங்கிட்டுப் போங்க" என்று அழைக்கிறார்கள். வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், சுண்டலும் காபியோ தேநீரோ சாப்பிடுவார்கள், குங்குமம் வாங்கிக்கொண்டு விடைபெறுவார்கள். எளிமையான இந்தச் சந்திப்புக்குள் ஒரு பழைய சமயக் கேள்வி இருக்கிறது. வீட்டுக்கு வருபவரை உபசரிப்பது வழிபாடா, வழிபாடு முடிந்தபின் காட்டும் மரியாதையா? வழிபாடுதான் என்றால், அழைத்தவர்களை மட்டும் உபசரித்தால் அது நிறைவேறிவிடுமா?

முதல் கேள்விக்குக் கொலுவின் நடைமுறையே பாதி விடை தருகிறது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை என்று நாளுக்கொன்றாக வேகும் சுண்டல் முதலில் கொலுப்படிகளின் முன் நைவேத்தியமாக வைக்கப்படுகிறது. தீபம் காட்டியபின் அது பிரசாதமாகி வந்தவர் கைக்குப் போகிறது. காபியும் தேநீரும் பொதுவாகப் படைக்கப்படுவதில்லை. அவை அடுப்பிலிருந்து நேரே கூடத்துக்கு வருபவை. அப்படிப் பார்த்தால் ஒரே தட்டில் தெய்வத்தின் வழியாக வந்த கொடையும், மனிதர் மனிதருக்குத் தரும் கொடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சாக்த மரபு இந்தப் பிரிவை ஏற்பதில்லை. வந்த சுமங்கலியையே அம்பாளாகக் கருதி மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, தாம்பூலம் தருவது சுவாசினி பூஜை. சிறுமியை அவ்வாறு வணங்குவது கன்யா பூஜை. இங்கே விருந்தினர் பிரசாதம் பெற வந்தவர் மட்டும் அல்லர், பூஜையை ஏற்பவரே அவர்தான். அவருக்குக் கொடுக்கும் ஒரு தம்ளர் தேநீரும் அந்த நோக்கில் நைவேத்தியமே.

உயர்ந்த இந்தக் கருத்தின் நடுவிலேயே ஓர் ஆறாத புண்ணும் இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்குக் கொலு வீட்டு அழைப்பு வெகுகாலம் மறுக்கப்பட்டது. இன்றும் சில வீடுகளில் அவருக்குச் சுண்டல் உண்டு, குங்குமம் இல்லை. இதற்குத் தத்துவத்தில் ஆதாரம் கிடையாது. நவராத்திரியில் பாராயணம் செய்யப்படும் தேவீ மாகாத்மியம், உலகிலுள்ள பெண்கள் அனைவரும் தேவியின் வடிவங்களே என்கிறது. அதில் கணவன் உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு இல்லை. பத்து மகாவித்தைகளில் ஒருத்தியான தூமாவதியோ விதவைக் கோலத்திலேயே வணங்கப்படும் தேவி. தெய்வமே அந்தக் கோலத்தில் இருக்க, அதே கோலத்தில் இருக்கும் பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்துவது வழிபாட்டை வழிபாட்டாலேயே மறுப்பதாகும்.

விருந்தினர் தெய்வம் என்ற எண்ணம் சாக்தத்துக்கு மட்டும் உரியதன்று. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி, படிப்பை முடித்து வெளியேறும் மாணவனிடம் தாய், தந்தை, ஆசான் ஆகியோரோடு விருந்தினனையும் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது. கட உபநிடதத்தில் நசிகேதன் யமனின் வீட்டில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருக்கிறான். விருந்தினனைப் பசியோடு காக்கவைத்த குற்றத்துக்கு ஈடாக யமன் மூன்று வரங்கள் தர வேண்டியிருக்கிறது. மரணத்தின் தலைவனுக்கும் விலக்கு அளிக்காத கடமை இது.

திருக்குறள் இதை இல்வாழ்க்கையின் நடுவில் வைக்கிறது. இல்லறத்தான் காக்க வேண்டிய ஐவரை வள்ளுவர் வரிசைப்படுத்தும்போது முன்னோரும் தெய்வமும் முதலில் வருகின்றனர், விருந்து மூன்றாவது, சுற்றத்தார் நான்காவது, தான் என்பது கடைசி. சுற்றத்தாரைத் தனியே எண்ணியதால், விருந்து என்பதில் உறவினர் அடங்கவில்லை என்பது தெளிவு. உரையாசிரியர் பரிமேலழகர் இன்னும் ஒரு படி போகிறார். முன்பே அறிமுகம் இருந்து நாடி வருபவர், அறிமுகம் ஏதுமின்றித் தற்செயலாக வருபவர் என விருந்தினரை அவர் இரு வகையாக்குகிறார். கொலுவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். பெயர் தெரியும், தெரு தெரியும், அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கும். இந்தப் பரிமாற்றம் அன்பை வளர்க்கிறது, அதைக் குறைவாக மதிக்கத் தேவையில்லை. இருந்தாலும் சமய நூல்கள் எடை போட்டுப் பார்த்தது இரண்டாம் வகையினரை எதிர்கொள்ளும் விதத்தைத்தான்.

பெரியபுராணத்தின் இளையான்குடி மாறனார் கதை அந்தச் சோதனையின் உச்சம். செல்வமெல்லாம் கரைந்துபோன வீடு, கொட்டும் மழை, நள்ளிரவு. முன்பின் அறியாத சிவனடியார் ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் மனைவி. மாறனார் இருட்டில் கூடையோடு போய்க் காலால் தடவி வரப்பறிந்து நெல்லை அள்ளி வருகிறார். விறகில்லை, கூரையின் கொம்புகளை வெட்டித் தருகிறார். கறிக்குக் குழியில் முளைத்த கீரை. உணவு ஆனதும் அடியாரை எழுப்பப் போனால் அவர் சோதியாகத் தோன்றுகிறார். விதைநெல் என்பது அடுத்த போகத்தின் சோறு. கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று காத்திருந்து விதைக்கும் உழவருக்கு அதை வாரிக் கொடுப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழி கண்டவரும் சமைத்தவரும் மனைவி, ஆனால் அறுபத்து மூவர் வரிசையில் இடம் பெற்றவர் கணவர். விருந்தோம்பலைப் புகழும் நூல்கள் அதன் உழைப்பு யாருடையது என்பதைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றன. ஒன்பது நாளும் கடலை ஊறவைத்து, தேங்காய் துருவி, வந்தவர் போனபின் தம்ளர் கழுவும் கைகளுக்கும் அந்தத் தெய்வத்தன்மையில் பங்கு உண்டு. வீட்டாரில் ஒருவரை மட்டும் களைக்க வைத்து நடக்கும் விருந்தை வழிபாடு என்று சொல்வது கடினம்.

தனி வீட்டால் தாங்க முடியாததைச் சமூகம் சத்திரமாக்கியது. பேராவூரணிக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள சேதுபாவாசத்திரம் இராமேசுவரம் போகும் யாத்திரைப் பாதையின் நினைவைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. வடக்கே ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. சத்திரங்களின் நிர்வாகம் பற்றி அவர் 1801-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டுக்கு எழுதியது, விருந்தோம்பல் பற்றிய சிறந்த சமய ஆவணங்களில் ஒன்று. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு, சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் மளிகையும், நோயுற்றவருக்கு மருந்து என்று அது விவரிக்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டா என்று கூவி அழைப்பார்களாம். அழையாமல் வந்தவரை ஏற்பதோடு நிற்காமல், வரத் தயங்கியவரையும் தேடிய மணி அது. 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அதே கருத்தை முழுமையாக்கியது.

ஏற்பவரும் அளிப்பவரும் இடம் மாறக்கூடும் என்பதை 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல் காட்டியது. தென்னந்தோப்புகள் சாய்ந்து கூரைகள் பறந்த பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கு மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து உணவும் உடையும் வந்தன. விருந்து படைத்துப் பழகிய வீடுகள் முன்பின் தெரியாதவர் கையால் வாங்கி உண்டன.

வீட்டைச் சத்திரமாக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1795-இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில், அயலானுக்குப் பகையின்றி நடத்தப்படும் உரிமை உண்டு, விருந்தினனாகத் தங்கும் உரிமை இல்லை என்று எல்லை வகுத்தார். நிபந்தனையற்ற விருந்தோம்பல் நடைமுறையில் எட்டாதது, எனினும் நிபந்தனையுள்ள ஒவ்வொரு விருந்தையும் அதை வைத்தே அளக்க வேண்டும் என்பது பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவின் நிலை. தமிழ் மரபு தெரிதாவுக்கு அருகில் நிற்கிறது. மாறனார் நிகழ்த்தியதைப் பின்பற்றும்படி அது எல்லோரையும் வற்புறுத்தவில்லை, ஆனால் அளவுகோலாக அவரையே வைக்கிறது.

தேநீர் இந்த அளவுகோலின் கீழ் வந்த வரலாறு தனி. ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டின் சென் நோ ரிக்கியூ தேநீரை ஜென் பௌத்தப் பயிற்சியாகச் செம்மைப்படுத்தினார். அவர் மரபின் தேநீர்க் குடிலுக்குள் குனிந்து தவழ்ந்தே நுழைய முடியும், வாளை வெளியே வைத்துவிட வேண்டும். பிரபுவும் வணிகரும் உள்ளே சமம். தமிழ்நாட்டில் அதே தேநீர் எதிர்த்திசையிலும் பயன்பட்டது. கடைகளில் இரட்டைக் குவளை முறை சாதியைத் தம்ளருக்குள் கொண்டுவந்தது. வயல் வேலைக்கு வந்தவருக்குக் கொல்லைப்புறத்தில் தனிக் குவளையில் ஊற்றிய வீடுகள் காவிரிப் படுகையில் உண்டு. அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் கூடத்தில் யாரை உட்காரவைப்பது, எந்தத் தம்ளரில் கொடுப்பது என்பதை வீட்டாரே முடிவு செய்கிறார்கள். அம்பாள் வந்திருக்கிறாள் என்று நம்பும் ஒன்பது நாளில் அந்த முடிவு சமய முடிவாகவும் ஆகிவிடுகிறது.

கொலு எல்லா வீட்டிலும் இல்லை, ஆயுத பூஜை ஏறக்குறைய எங்கும் உண்டு. ஒன்பதாம் நாள் பேராவூரணிக் கடைவீதியிலும் பட்டறைகளிலும் லாரி நிறுத்தங்களிலும் தராசுக்கும் தேங்காய் உரிக்கும் பாரைக்கும் சந்தனம் வைத்து, பொரியும் பொட்டுக்கடலையும் படைத்து, எதிரே வருபவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள். அங்கே அழைப்பும் இல்லை, வாங்குபவர் சுமங்கலியா, எந்தச் சாதி என்ற விசாரணையும் இல்லை. பரிமேலழகர் சொன்ன இரண்டாம் வகை விருந்தினருக்கு இந்தப் பண்டிகை ஒதுக்கிய இடம் அதுதான். எனினும் பொரி சமைத்த சோறன்று, வாங்குபவர் வீட்டுக்குள் நுழைவதும் இல்லை. தெருவில் ஒரு நாள் எளிதாக நடப்பது கொலு இருக்கும் கூடத்துக்குள் எட்டு நாளாக ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு ஆகமத்திலோ உபநிடதத்திலோ தடை தேடினால் கிடைக்காது. தடை வழக்கத்தில் மட்டுமே இருக்கிறது, வழக்கத்தை மாற்றும் அதிகாரம் அழைப்பு விடுக்கும் வீட்டாரிடம் இருக்கிறது.