இடையில் பாடியவர்

ஒருவர் முன்பே பதிவுசெய்து வெளியிட்ட பாடலை மற்றொருவர் தம் பாணியில் மீண்டும் பாடிப் பதிவுசெய்வதைக் கவர் பதிப்பு என்பர். இத்தகைய பதிப்புகளுள் பல பெரிதும் அறியப்படாமல் மறைந்துபோகின்றன. அவற்றுள் ஒன்றைத் தற்செயலாகக் கேட்க நேரும் ரசிகர், தாம் இளமை முதல் போற்றிவந்த பாடல் எங்கிருந்து வந்தது என்பதை அதன்வழி அறியும்போது, அந்தப் பாடலுக்காகத் தாம் யாருக்கெல்லாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம் என்ற கேள்வியையும் எதிர்கொள்கிறார்.

எல்விஸ் பிரெஸ்லி 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்' (வேட்டைநாய்) என்ற பாடல் ராக் அண்ட் ரோல் இசையின் அடையாளங்களுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. ஆனால் 19 வயது இளைஞர்களான ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் அதனைப் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காகவே இயற்றினர். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பாடிய பதிவு, மறு ஆண்டில் ரிதம் அண்ட் புளூஸ், அதாவது கறுப்பின மக்களிடையே வளர்ந்த தாளக்கட்டு மிகுந்த இசைவகைக்கான தரவரிசையில் முதலிடம் பெற்றது. தன் உழைப்பில் உண்டு திரியும் ஆணை ஒரு பெண் வாசலோடு விரட்டுவதே அதன் பொருள். நாய் என்பது அங்கே வசைச்சொல்.

தார்ன்டனுக்கும் எல்விஸுக்கும் இடையில் ஃபிரெடி பெல் என்பவரின் பதிவு இருக்கிறது. தம் குழுவான பெல்பாய்ஸுடன் 1955-இல் அவர் வெளியிட்ட கவர் பதிப்பில் வசையும் காமக் குறிப்பும் நீக்கப்பட்டு, முயல் வேட்டை பற்றிய அடி சேர்க்கப்பட்டதால், பாடல் உண்மையான ஒரு நாயைப் பற்றியதாக மாறியது. 1956-இன் வசந்தத்தில் லாஸ் வேகஸில் பெல் குழுவினர் பாடியதைக் கேட்ட எல்விஸ், அந்த வடிவத்தையே தம் மேடைக்கு எடுத்துச் சென்றார். பாடலாசிரியரான லீபர் இந்த மாற்றத்தை விரும்பவில்லை. அவருடைய வருத்தம் முற்றிலும் நியாயமானது, ஏனெனில் அதனால் அழிந்தது ஒரு பெண்ணின் சினம்.

மூலத்தைப் படைத்தவருக்கு நன்றி சொல்வதில் தயக்கத்திற்கு இடமில்லை. பொருளைச் சிதைத்தே பாடலை அடுத்தவரிடம் சேர்த்த இடைக்காரருக்கு எவ்வகை நன்றி உரியது என்பதே கடினமான கேள்வி. மனிதர் பெற்றுள்ள மொழி, வழிபாடு, சமையல் ஆகியவற்றுள் பெரும்பகுதி, அவற்றை முழுதும் உணராமல் தம் வசதிக்கேற்பத் திருத்திக்கொண்டவர்கள் வழியாகவே வந்திருப்பதால், அத்தகையோரை விலக்கிவிட்டுத் தூய மூலத்தை மட்டும் போற்றுவது, பெற்றவற்றுள் பெரும்பகுதியை மறுப்பதாகவே முடியும். அதேசமயம், நன்றியின் பெயரால் சிதைவை மறைப்பது தார்ன்டனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும். பெல்லின் பங்கையும் அவர் ஏற்படுத்திய இழப்பையும் ஒருங்கே ஏற்கும் நன்றியே நேர்மையானது. அது மனத்திற்கு எளிதன்று என்பதும் உண்மை.

இந்த அறிவால் எல்விஸ் மீதான அன்பு குறைய வேண்டியதில்லை. மூன்று பதிவுகளையும் கால வரிசையில் கேட்பவருக்கு, சொற்கள் பெல்லிடமிருந்து வந்தவை என்பது எவ்வளவு தெளிவாகிறதோ, அவ்வளவு தெளிவாக எல்விஸின் முரட்டுக் குரல் வேகமும் அவருடைய கித்தார் கலைஞர் ஸ்காட்டி மூரின் கரகரத்த கித்தாரும் அவர்களுக்கே உரியவை என்பதும் புலனாகிறது. அந்த ஒலியை அடைவதற்காகவே அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்பாடல் 31 முறை பதிவுசெய்யப்பட்டது.