ஒரே சுவரில் எழுநூறு முகங்கள்

பாரிஸின் கிழக்குப் புறநகரில் கிளிஷி-சு-புவா, மோன்ஃபெர்மெய் என்ற இரண்டு ஊர்கள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. மாலி, அல்ஜீரியா, மொராக்கோ, துருக்கி என்று பல நாடுகளில் வேர் கொண்ட குடும்பங்கள் அங்குள்ள அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. 2005 அக்டோபரில், போலீசுக்குப் பயந்து துணை மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன்பின் மூன்று வாரங்கள் பிரான்ஸ் முழுவதும் கலவரம். தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் மனத்தில் எரியும் கார்களும் முகம் மூடிய இளைஞர்களுமே அந்த ஊர்களாகிவிட்டன.

2017இல் அங்கே ஒரு பெரிய சுவரோவியம் எழுந்தது. ஜேஆர் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞர் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் படமெடுத்து, அந்த உருவங்களையெல்லாம் ஒரே காட்சியாகப் பொருத்தினார். மெக்சிகோவின் டியேகோ ரிவேரா தீட்டிய சுவரோவியங்களே அவருக்குத் தூண்டுதல்.

இத்தனை பேரை ஒன்றாக நிறுத்துவது எது? ஒரே மதமா, ஒரே மொழியா? பிரான்ஸ் இந்தக் கேள்விக்குத் தனக்கென ஒரு விடை வைத்திருக்கிறது. முக்காடு, பெரிய சிலுவை, யூதர்களின் சிறுதொப்பி முதலிய வெளிப்படையான மத அடையாளங்களுக்கு அரசுப் பள்ளிகளில் இடமில்லை என்று 2004இல் சட்டமே இயற்றியது. வேறுபாடு கண்ணில் படாவிட்டால் சமத்துவம் எளிதாகும் என்பது அதன் நம்பிக்கை. தனித்தனிப் படங்களைப் பொருத்திய ஜேஆரின் ஒட்டுப்படம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. எதையும் கழற்றி வைக்கச் சொல்லாமலே எல்லோருக்கும் ஒரே சுவரில் இடம் தருகிறது.

இங்கே எம்மானுவேல் லெவினாஸ் நினைவுக்கு வருகிறார். லிதுவேனியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த யூதத் தத்துவவாதி; ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர்; பெற்றோரையும் சகோதரர்களையும் நாஜிகளின் கொலைவெறிக்குப் பறிகொடுத்தவர். மற்றொருவரின் முகம் நம்மிடம் ஒன்றைக் கோருகிறது, கொல்லாதே என்பதே அதன் முதல் கட்டளை என்று அவர் எழுதினார். மனிதரை ஏதோ ஒரு முழுமையின் உறுப்பாக மட்டும் காண்பதில் வன்முறை தொடங்கிவிடுகிறது என்பது 1961இல் வெளியான அவருடைய பெருநூலின் மையக் கருத்து.

'பன்முகம்' என்று கொண்டாடும் சுவரும் அந்தத் தவறைச் செய்யலாம். எழுநூறு பேரை ஒரு வண்ணக்கோலமாக்கி, தனி ஆளை அதில் கரைத்துவிடலாம்.

அதைத் தடுக்கும் வழியும் ஒட்டுப்படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் கலக்காமல், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படமெடுக்கப்பட்டவராகவே நிற்கிறார்கள். 2007இல் ஜேஆர் இஸ்ரேலிய, பாலஸ்தீன நகரங்களில் ஒட்டிய பிரம்மாண்டப் படங்களிலும் இதே முறைதான். ஒரே தொழில் செய்யும் இஸ்ரேலியரையும் பாலஸ்தீனரையும் அருகருகே வைத்தார். ஒரு ரப்பி, ஓர் இமாம், ஒரு கிறித்தவத் துறவி மூவரின் முகங்களும் இரு தரப்பையும் பிரிக்கும் சுவரிலேயே இடம்பெற்றன. மூவரும் தத்தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒத்த கருத்து வந்த பிறகுதான் சேர்ந்து வாழ முடியும் என்ற எண்ணத்தை அந்தச் சுவர் அசைத்துப் பார்த்தது.

ஆனாலும் படமாகிவிட்ட முகத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். உயிருள்ள முகத்தின் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போக்குவரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாரிஸிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், கிளிஷி-சு-புவாவில் ரயில் நிலையம் கிடையாது. வேலைக்குப் போவோர் பேருந்தையே நம்பியிருந்தார்கள். சுவரில் இடம் கிடைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலான பின், 2019 டிசம்பரில் அங்கே டிராம் வந்தது. மறு ஆண்டு மோன்ஃபெர்மெய் மருத்துவமனை வரை நீண்டது.