தூக்கும் கை, எறியும் கை

சிறுவர் விளையாட்டில் அறம் தேடுவது மிகையெனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் 1990-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'சிப் அண்ட் டேல் ரெஸ்கியூ ரேஞ்சர்ஸ்' நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1989-இல் தொடங்கிய டிஸ்னியின் கார்ட்டூன் தொடரைத் தழுவிய வீடியோ விளையாட்டு அது. இரு அணில்கள், எறிவதற்கு மரப்பெட்டிகள். புதியவரும் எளிதில் பழகிக்கொள்வர்.

இருவர் சேர்ந்து ஆடும்போதுதான் கேள்வி பிறக்கிறது. பெட்டியைத் தூக்குவது போலவே தோழனையும் தூக்கலாம். கைதேர்ந்த அண்ணன், தடுமாறும் தங்கையைச் சுமந்து இடர் கடக்கலாம். அவளையே பள்ளத்தில் எறிந்தும் விடலாம். இரண்டுக்கும் பொத்தான் ஒன்றே.

குழந்தைகளின் ஆட்டத்தில் இதை ஏன் அனுமதித்தார்கள், தடுத்திருக்கலாமே எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் எறியவே இயலாதவன் எறியாதிருப்பதில் என்ன பெருமை? அங்கே தீங்கும் இல்லை, நட்பும் இல்லை. இயந்திரத்தின் ஒழுங்கு மட்டுமே உண்டு. மனிதனின் விருப்புரிமை குறித்துப் புனித அகுஸ்தினார் நெடுங்காலம் போராடிய கேள்வியின் சிறு நிழல் இது.

எனினும், உரிமை தந்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்பதை நாம் ஏற்பதற்கில்லை. நற்பண்பு பழக்கத்தால் வளரும் என்றார் அரிஸ்டாட்டில். எறிந்து சிரிப்பதும் பழக்கமே. முதன்முறை தவறுதலாகவும் நேரும்: பெட்டியும் தோழனும் நெருங்கி நிற்கையில் கை மாறிவிடும். விழுந்த தங்கை சிரிக்கிறாளா, அழுகிறாளா என அண்ணன் திரும்பிப் பார்க்கிறானா? எறிந்தவனை ஆட்டம் தண்டிப்பதில்லை. திரைக்கு அவன் முகமும் தெரியாது. அருகில் அமர்ந்திருக்கும் தாய்க்குத்தான் தெரியும்.